பூட்டு உடையவில்லை, பொருள் மட்டும் எப்படிப் போனது?



விடிவதற்கு முன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தி, கணவனும் மனைவியுமாகப் பெரட்டுக்குப் புறப்படுகிறீர்கள். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டை மாட்டுகிறீர்கள். ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறீர்கள். ஒரு சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது. இன்னொரு சாவி அடுத்த வீட்டு அக்காவிடம் இருக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வெயிலில் நிற்கக் கூடாது அல்லவா?

மத்தியானம் திரும்பி வருகிறீர்கள். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. பூட்டு, பூட்டியது பூட்டியபடியே தொங்குகிறது. ஆனால் உள்ளே போய் அலமாரியைத் திறந்தால் நெஞ்சு அடைத்துப் போகிறது. மூத்த மகளின் கல்யாணத்துக்கென்று சீட்டுப் போட்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சங்கிலியைக் காணோம்!

அப்போது உங்கள் மனத்தில் முதலில் எழும் எண்ணம் என்ன? "பூட்டு உடையவில்லை. அப்படியென்றால் சாவி வைத்திருந்தவர்கள்தானே திறந்திருக்க வேண்டும்?" என்பதுதான். அக்காவின் மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருக்கிறான். பேச்சு மெல்லக் கிளம்புகிறது. குழாயடியில் ஒருவர் சொல்ல, கடையில் ஒருவர் கேட்க, பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் அவனைத் திருடன் என்று முடிவு கட்டிவிடுகிறது. இருபது ஆண்டுகள் கறியும் சோறும் மாற்றிக்கொண்ட இரண்டு வீடுகள் அன்றோடு முகம் பார்ப்பதை நிறுத்திக்கொள்கின்றன.

சங்கிலி போனால், பாடுபட்டு இன்னொன்று வாங்கலாம். ஒரு பையனின் பேர் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

இப்படியொரு நாள் எந்த வீட்டுக்கும் வரலாம். அதனால்தான் இதை எழுதுகிறோம். பூட்டு உடையாமல் இருப்பது, சாவி வைத்திருந்தவர் திருடினார் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஏன் ஆகாது என்பதைப் புரிந்துகொள்ள, பூட்டின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

பூட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் மிகுதியாகப் புழங்குவது, தட்டையான சிறு சாவியால் திறக்கும் பூட்டு. சாவியின் ஓரத்தில் மலைத்தொடர் போல மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கும். கதவில் தொங்கும் பித்தளைப் பூட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பட்டணத்து அடுக்குமாடி வீடுகளின் வாசற்கதவுப் பூட்டும் பெரும்பாலும் இந்த வகைதான்.

சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு சிறு வட்டம் தெரிகிறதல்லவா? அது ஓர் உருளையின் முகம். சாவியோடு சேர்ந்து சுழல்வது அந்த உருளை மட்டுமே. அதைச் சுற்றியுள்ள பூட்டின் உடல் அசையாது. உருளை சுழன்றால் உள்ளே இருக்கும் நாக்கு விலகும். பூட்டின் வளையம் விடுபடும். ஆகவே, பூட்டின் வேலை ஒன்றே ஒன்றுதான். சரியான சாவி வரும்வரை அந்த உருளையைச் சுழல விடக் கூடாது.

எப்படித் தடுக்கிறது? பூட்டின் உடலிலிருந்து உருளைக்குள் இறங்கும்படி வரிசையாகச் சிறு துளைகள் போட்டிருப்பார்கள். மலிவான பூட்டில் மூன்று அல்லது நான்கு துளைகள் இருக்கும். நல்ல கதவுப் பூட்டில் ஐந்து அல்லது ஆறு இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு முளைகள் உண்டு. அவற்றின் தலைமேல் ஒரு சின்ன ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். கீழ் முளைகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் இருக்கும்.

சாவி இல்லாதபோது, மேல் முளை பாதி பூட்டின் உடலிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்கும். கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே போட்ட தாழ்ப்பாளைப் போன்றது அது. ஐந்து துளை என்றால் ஐந்து தாழ்ப்பாள்! உருளை எப்படிச் சுழலும்?

இப்போது சரியான சாவியை நுழையுங்கள். ஒவ்வொரு கீழ் முளையும் தனக்குரிய பள்ளத்தில் உட்காருகிறது. குட்டை முளையை மேடு தூக்குகிறது. நெட்டை முளையைப் பள்ளம் தாழ்த்துகிறது. இதன் பலனாக, மேல் முளையும் கீழ் முளையும் சந்திக்கும் இடம் ஐந்து துளைகளிலும் உருளையின் விளிம்புக் கோட்டில் வந்து நிற்கிறது. மேல் முளைகள் முழுவதும் உடலுக்குள். கீழ் முளைகள் முழுவதும் உருளைக்குள். குறுக்கே எதுவும் இல்லை. சாவியைத் திருப்பினால் உருளை வெண்ணெய் போலச் சுழல்கிறது.

தவறான சாவியைப் போட்டால் என்ன ஆகும்? ஒரே ஒரு முளை அரை மில்லிமீட்டர் கூடுதலாக உயர்ந்தாலும் கீழ் முளை குறுக்கே நிற்கும். குறைவாக உயர்ந்தாலும் மேல் முளை குறுக்கே நிற்கும். நான்கு முளைகள் சரியாக இருந்தும் ஐந்தாவது ஒத்து வராவிட்டால் கதவு திறக்காது.

தகப்பனும் மகனும்

இந்த யோசனை புதியதல்ல. மரக்கட்டையில் மர முளைகளை வைத்துச் செய்த பூட்டுகள் எகிப்து முதலிய நாடுகளில் மிகப் பழைய காலத்திலேயே இருந்தன. பல் துலக்கும் பிரஷைப் போன்ற பெரிய மரச் சாவியை உள்ளே விட்டு மேலே தூக்கினால் முளைகள் உயர்ந்து தாழ்ப்பாள் விடுபடும்.

அதையே உலோகத்தில் சிறிதாகச் செய்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தகப்பனும் மகனும். இருவர் பெயரும் லைனஸ் யேல். தகப்பனார் 1840-களில் முளைப் பூட்டை உருவாக்கினார். மகன் முதலில் ஓவியம் தீட்டுவதில் நாட்டம் கொண்டவர். பிறகு தகப்பனார் தொழிலுக்கே வந்து, 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்று, தட்டையான சிறு சாவியும் சுழலும் உருளையும் கொண்ட பூட்டை உருவாக்கினார். அதற்கு முன்பு, கதவு கனமானால் சாவியும் நீளமாக வேண்டியிருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகும் தட்டையான சாவியை உலகத்துக்குக் கொடுத்தவர் அவரே. 1868-இல் அவர் காலமானார். இன்று நீங்கள் இடுப்பில் செருகியிருக்கும் சாவியும் அவர் வகுத்த வழியில் வந்ததுதான்.

7,776 எப்படி 30 ஆகிறது?

இனிக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு பூட்டில் ஐந்து முளைகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு வகை உயரம் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை விதமான சாவி செய்யலாம்? ஆறை ஐந்து தடவை பெருக்குங்கள். 7,776 வருகிறது. ஒரு சாவியை நுழைத்துப் பார்க்கப் பத்து விநாடி பிடித்தால், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க 21 மணி 36 நிமிடம் ஆகும். எந்தத் திருடன் உங்கள் வாசலில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்திருப்பான்?

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. பூட்டு மனிதர் செய்த பொருள். துளைகள் நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்றுதான் துளைக்கிறார்கள். இருந்தாலும் மயிரிழை அளவு ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக விலகித்தான் அமையும். முளைகளின் பருமனிலும் அப்படியே மிகச் சிறு வேறுபாடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறைதான் சாவியில்லாமல் திறப்பவனுக்கு வழிவிடுகிறது.

தோட்டத்தில் நீளமான மரம் ஒன்றை ஐந்து பேர் தோளில் தூக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து பேரும் ஒரே உயரமாக இருக்க மாட்டார்கள். யார் நெட்டையோ அவர் தோளில்தான் முதலில் பாரம் விழும். அவர் கொஞ்சம் குனிந்தால் பாரம் அடுத்த நெட்டையருக்கு மாறும். பூட்டுக்குள்ளும் இதுவே நடக்கிறது. உருளையை இலேசாகத் திருப்பிப் பிடித்தால், அந்த அழுத்தம் ஐந்து முளைகள்மேலும் சமமாக விழுவதில்லை. ஏதோ ஒரு முளை மட்டும் முதலில் இறுகுகிறது. மெல்லிய கம்பியால் அந்த ஒன்றை மட்டும் மெதுவாக உயர்த்தினால், விளிம்புக் கோட்டைத் தொடும்போது 'டிக்' என்று ஒரு சிறு உணர்வு கைக்குத் தெரியும். உருளை மயிரிழை நகர்ந்து, மேல் முளை திரும்பக் கீழே இறங்க முடியாமல் விளிம்பில் உட்கார்ந்துவிடும். பாரம் அடுத்த முளைக்கு மாறும். இப்படி ஒவ்வொன்றாகப் போனால், கடைசி முளையோடு உருளை சுழன்றுவிடும்.

இப்போது கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஐந்து முளைகளையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய வேண்டுமென்றால் ஆறை ஐந்து தடவை பெருக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சரிசெய்ய முடியுமென்றால் கூட்டினால் போதும். ஆறும் ஆறும் ஆறும் ஆறும் ஆறும் முப்பது! எந்த முளை முதலில் இறுகுகிறது என்று தேடுவதையும் சேர்த்தால்கூடச் சில நிமிட வேலைதான். பழகிய கைக்கு மலிவான பூட்டு சில விநாடிகளில் திறந்துவிடும். பூட்டு உடைவதில்லை, வெளியே கீறலும் தெரிவதில்லை, திரும்ப அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்.

இதற்கும் பொறுமை இல்லாதவன் வேறொரு வழியைக் கையாள்வான். கேரம் பலகையில் இரண்டு காய்கள் ஒட்டி நிற்கும்போது முன்காயை அடித்தால் என்ன நடக்கும்? முன்காய் நின்றுவிடும், பின்காய் பாயும். அதுபோல, தனியாக வெட்டிய ஒரு சாவியை உள்ளே விட்டுத் தட்டினால், கீழ் முளையில் பட்ட அதிர்ச்சி மேல் முளைக்குத் தாவி, அது ஒரு கணம் எகிறும். அந்தக் கணத்தில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி உண்டாகும்; அப்போது உருளை திரும்பிவிடும்.

லண்டனில் ஒரு பந்தயம்

"இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா? திருடனுக்குச் சொல்லிக்கொடுத்தது போல் ஆகாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வி நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் எழுந்தது.

ஜோசப் பிராமா என்பவர் 1784-இல் வேறொரு வகைப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பூட்டைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று 1790-இல் தம் கடைக் கண்ணாடியில் பலகை மாட்டிவைத்தார்கள். அறுபது ஆண்டுகளாக யாராலும் முடியவில்லை. பிராமாவும் காலமாகிவிட்டார். 1851-இல் லண்டன் பெரும் பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் வந்தார். திருட்டுக்கு அடங்காதது என்று பேர் பெற்றிருந்த சப் நிறுவனத்தின் பூட்டை முதலில் 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். பிறகு பிராமா பூட்டின் முன் உட்கார்ந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். பரிசுப் பணம் அவர் கைக்கு வந்தது. உள்ளே இருக்கும் பாகங்களை அழுத்திப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தடவி அறிந்து, அதனதன் இடத்துக்குக் கொண்டுவருவது என்ற அதே தத்துவம்தான் அங்கேயும் வேலை செய்தது.

நாடே கலங்கியது. இதை வெளியே சொல்வது ஆபத்து என்றார்கள். 1853-இல் லண்டனில் வெளிவந்த பூட்டுகள் பற்றிய நூல் ஒன்று அதற்குப் பதில் சொன்னது. திருடர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நேர்மையான மக்கள்தான் என்பது அதன் வாதம். நாமும் அதையே சொல்கிறோம். இந்த விவரம் தெரியாததால், திருடனுக்கு ஒரு நட்டமும் இல்லை. தெரியாததால் பழி சுமப்பவன் அடுத்த வீட்டுப் பையன்.

நம்பர் ஒன்றானால் சாவியும் ஒன்று

திறமைசாலித் திருடன்கூடத் தேவைப்படாத ஒரு வழியும் உண்டு. விலை மலிவான சிறு பூட்டுகளில் முளைகள் குறைவு. உயர வகைகளும் குறைவு. நான்கு முளை, நான்கு உயரம் என்றால் மொத்தம் 256 சாவி வகைகள்தான். அதிலும் பக்கத்துப் பள்ளங்கள் மிகவும் செங்குத்தாக அமையும் சில வகைகளை வெட்ட முடியாது. ஆயிரக்கணக்கில் பூட்டு செய்யும்போது ஒரே சாவி பல பூட்டுகளுக்குப் பொருந்தத்தானே செய்யும்? ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து நீங்கள் ஒன்றும் இன்னொருவர் ஒன்றும் வாங்கியிருக்கலாம். போதாததற்கு, ஒரே சாவியால் திறக்கும் பூட்டுகளைக் கொத்தாக விற்பதும் உண்டு.

ஆகவே, பூட்டு வாங்கும்போது சாவியில் குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரே தயாரிப்பில் எண் ஒன்றானால் பெரும்பாலும் சாவியும் ஒன்றாகவே இருக்கும். தேய்ந்துபோன பழைய பூட்டுக்கு முளைகளும் தேய்ந்திருக்கும். அதை எந்தச் சாவியோ திறந்துவிடும். அலமாரியின் சிறு பூட்டை நம்பவே வேண்டாம். அதற்குள் பெரும்பாலும் இருப்பவை மெல்லிய தகடுகள் மட்டுமே.

சாவியை ஊருக்குக் காட்டி வைப்பதும் தவறு. 2008-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், தொலைவிலிருந்து எடுத்த புகைப்படத்தைக் கணினியில் ஆராய்ந்து, பள்ளங்களின் ஆழத்தைக் கண்டறிந்து, நகல் சாவி செய்ய முடியும் என்று காட்டினார்கள். புது வீடு கிடைத்த மகிழ்ச்சியில் சாவியைக் கையில் பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

அப்படியானால் பூட்டு எதற்கு?

பூட்டே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூட்டு திருடனை நிரந்தரமாகத் தடுப்பதில்லை. நேரத்தைத்தான் வாங்கிக் கொடுக்கிறது. அந்த நேரத்தைக் கூட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

முதலாவது, ஐந்து அல்லது ஆறு முளை உள்ள பூட்டாகக் கேட்டு வாங்குங்கள். நல்ல பூட்டுகளில் சில மேல் முளைகள் நூல் சுற்றும் கட்டையைப் போல நடுவில் ஒடுங்கியிருக்கும். கம்பி விட்டுத் திறக்கப் பார்த்தால் அவை பாதி வழியில் சிக்கி, திறந்துவிட்டது போலப் போக்குக் காட்டி ஏமாற்றும்.

இரண்டாவது, பூட்டை மட்டும் பார்த்தால் போதாது. அது தொங்கும் கொண்டியையும் பாருங்கள். நூறு வெள்ளிக்குப் பூட்டு வாங்கி, கரையான் அரித்த பலகையில் இரண்டு சிறு திருகாணியில் மாட்டினால் என்ன பயன்? பூட்டைத் தொடாமலே கொண்டியைப் பெயர்த்துவிடுவான். கொண்டியை மூடியபின் திருகாணிகள் வெளியே தெரியக் கூடாது. கதவின் மறுபக்கம் வரை போகும் போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்குவது இன்னும் நல்லது.

மூன்றாவது, பூட்டின் வளையம் தடிப்பாகவும், பூட்டியபின் வெளியே அதிகம் தெரியாததாகவும் இருக்கட்டும். வெட்டுக் கருவிக்கும் கடப்பாரைக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

நான்காவது, மழைக்காலத்தில் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியைச் சேர்த்துப் பிசினாகி முளைகளைச் சிக்க வைக்கும். பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி நாலைந்து தடவை நுழைத்து எடுங்கள். போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நகையையும் பெருந்தொகையையும் வீட்டில் வைக்காதீர்கள். அவை வங்கியில் இருப்பதே நலம்.

பொருள் போய்விட்டால்...

அப்படியும் ஒரு நாள் பொருள் போய்விட்டால் என்ன செய்வது? பூட்டைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். சாவியைத் திரும்பத் திரும்ப நுழைத்துப் பார்க்காதீர்கள். கம்பி விட்டுத் திறந்த பூட்டில் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், உள்ளே முளைகளின் நுனியில் மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும். பூட்டைப் பிரித்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் நிபுணர்கள் கண்டுகொள்வார்கள். சாவியை நுழைக்க நுழைக்க அந்தத் தடயம் அழிந்துவிடும். பழி சுமக்கப்போகும் ஒருவரைக் காப்பாற்றும் சாட்சி அந்தக் கீறலாகவே இருக்கலாம்!

காவல்துறை வந்து பார்க்கும்வரை யார் பேரையும் வாயெடுத்துச் சொல்லாதீர்கள். சாவி யாரிடம் இருந்தது என்று அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். "அவன்தான் எடுத்திருப்பான்" என்று மட்டும் சேர்த்துச் சொல்லாதீர்கள். அது உங்களுக்குத் தெரிந்த செய்தி அல்ல, வெறும் ஊகம்.

அன்பர்களே, பூட்டு வாங்கிக் கொடுக்கும் சில நிமிட நேரம் எப்போது பயன்படும் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அந்த நேரத்தில் யாராவது பார்த்துக் கேட்டால்தான் பயன்படும். உங்கள் வாசலில் முன்பின் தெரியாதவன் குனிந்து நிற்பதைக் கண்டு, "யாரப்பா அது? என்ன வேணும்?" என்று குரல் கொடுப்பது யார்? நீங்கள் மரத்தடியில் நிற்கும் வேளையில் அந்தக் குரலைக் கொடுக்கக்கூடியவர் அடுத்த வீட்டு அக்காதான், அவர் மகன்தான். அவர்களைச் சந்தேகித்துப் பேச்சை அறுத்துக்கொண்டால், மறுநாள் முதல் உங்கள் வாசலைப் பார்க்க ஆளில்லை.

ஐந்து முளைப் பூட்டைக் கடையில் வாங்கலாம். அந்தக் கண்காவலை வாங்க முடியாது. நாளைக் காலையில் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது, மறக்காமல் அடுத்த வீட்டைப் பார்த்து, "அக்கா, வர்றேன்!" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.